நியூயார்க் காஸ்மோஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரேசில் கால்பந்து வீரர் பெலே அமெரிக்காவில், நியூயார்க் காஸ்மோஸ் என்ற கிளப்பில் ஆடினார் என்று யாராவது சொன்னால் உடனே நாலு கேள்வி வரும். அங்கே எதற்குப் போனார், அந்த டீம் என்ன ஆச்சு, கல்கத்தாவுக்கு வந்தது அதே டீம்தானா, இப்படி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிச் சலித்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். 1971-ல் களமிறங்கி 1985-ல் மூடப்பட்ட பழைய காஸ்மோஸ் பற்றித்தான் பெரும்பாலும் பேச்சு. பிறகு அதே பெயரில் வந்த அணிகளைப் பற்றி கடைசியில் கொஞ்சம்.

காஸ்மோஸ் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? விண்வெளியா?

விண்வெளிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நியூயார்க்கில் ஏற்கெனவே மெட்ஸ் என்று ஒரு பேஸ்பால் அணி உண்டு, அது மெட்ரோபாலிட்டன்ஸ் என்பதன் சுருக்கம். அதைவிட ஒரு படி மேலே போக வேண்டும் என்று காஸ்மோபாலிட்டன்ஸ் என யோசித்து அதைக் காஸ்மோஸ் என்று சுருக்கியவர் கிளப்பின் முதல் பொது மேலாளர் கிளைவ் டாய். இவர் இங்கிலாந்தில் விளையாட்டுப் பத்திரிகையாளராக இருந்துவிட்டு அமெரிக்காவுக்குக் கால்பந்தை விற்கப் போனவர். அந்தக் கிளப்பின் கதையில் பெலேக்கு அடுத்தபடியாக யார் முக்கியம் என்று கேட்டால் நான் இவர் பெயரைத்தான் சொல்வேன்.

யார் பணம் போட்டார்கள்?

வார்னர் கம்யூனிகேஷன்ஸ். ஆமாம், சினிமா எடுக்கும், இசைத்தட்டு வெளியிடும் அதே வார்னர்தான். அதன் தலைவர் ஸ்டீவ் ராஸுக்குக் கால்பந்து பற்றி ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. அவரை இதில் இழுத்துவிட்டவர்கள் அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் நடத்திய அஹ்மத் எர்டெகுன், நெசுஹி எர்டெகுன் என்ற துருக்கிய சகோதரர்கள். ஊரில் பந்து பார்த்து வளர்ந்தவர்கள், அமெரிக்காவில் அந்த ஏக்கம் தீரவில்லை. ராஸ் ஒருமுறை பிடித்துக்கொண்டதும் அவர்களையே மிஞ்சிவிட்டார், அது வேறு கதை.

அப்போது வட அமெரிக்கக் கால்பந்து லீக் என்பது கிட்டத்தட்டப் படுத்த படுக்கை. 1968-ல் இரண்டு லீக்குகள் சேர்ந்து உருவானது, அடுத்த வருடமே ஐந்து அணிகளாகச் சுருங்கிப்போனது. அப்படிப்பட்ட லீக்கில் 1971-ல் காஸ்மோஸ் உள்ளே வருகிறது.

பெலே வருவதற்கு முன்னால் அந்த அணியை யாராவது பார்த்தார்களா?

பார்த்தார்கள், சில ஆயிரம் பேர். முதல் வருடம் யாங்கி ஸ்டேடியத்தில் ஆடினார்கள். அவ்வளவு பெரிய பேஸ்பால் மைதானத்தில் சராசரியாக நாலாயிரத்துச் சொச்சம் பேர் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த இரண்டு வருடம் லாங் ஐலண்டில் ஹாஃப்ஸ்ட்ரா பல்கலைக்கழக மைதானம், பிறகு ராண்டால்ஸ் தீவில் டவ்னிங் ஸ்டேடியம் என்று மூட்டை முடிச்சோடு அலைந்தார்கள்.

ஆனால் அணி மோசமில்லை. பெலே வருவதற்கு மூன்று வருடம் முன்பே, 1972-ல், சாம்பியன் ஆகிவிட்டார்கள். இறுதி ஆட்டத்தில் செயின்ட் லூயிஸ் ஸ்டார்ஸை 2-1 என்று வென்றார்கள், பார்க்க வந்தது ஆறாயிரம் பேர் இருக்கும். அந்த அணியின் நட்சத்திரம் ராண்டி ஹார்ட்டன், பெர்முடாக்காரர், அந்த வருடம் லீக்கின் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான். பிற்காலத்தில் பெர்முடா நாடாளுமன்றத்தின் சபாநாயகர் ஆனார். காஸ்மோஸ் என்றாலே பெலே, பெக்கன்பவர் என்று ஆரம்பிப்பவர்கள் இவரைச் சொல்வதே இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. பயிற்சியாளர் கார்டன் பிராட்லி, அவரும் இங்கிலாந்துக்காரர், பயிற்சியும் கொடுத்துக்கொண்டு ஆடவும் செய்தார்.

பெலேயை எப்படிப் பிடித்தார்கள்?

ஒரே நாளில் நடந்ததில்லை. கிளைவ் டாய் 1971-லிருந்தே அவர் பின்னால் அலைந்துகொண்டிருந்தார். பெலே 1974-ல் பிரேசிலின் சான்டோஸ் கிளப்பிலிருந்து ஓய்வு பெற்றார், வயது 34 ஆகப்போகிறது. ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளும் கூப்பிட்டுப் பார்த்தன. டாய் சொன்ன வாதம் எளிமையானது: அங்கே போனால் ஒரு கோப்பை ஜெயிப்பீர்கள், இங்கே வந்தால் ஒரு நாட்டையே ஜெயிக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்த ஒரு வசனத்துக்கு மயங்கி வந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். தொழிலில் பணத்தை இழந்து கடனில் இருந்தார் பெலே. வார்னர் நீட்டிய தொகை அந்தக் காலத்தில் எந்த விளையாட்டு வீரரும் பார்க்காதது. மூன்று வருடத்துக்கு 28 லட்சம் டாலர் என்பதிலிருந்து 70 லட்சம் டாலர் வரை ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள், காரணம் அது ஒரே ஒப்பந்தமில்லை. ஆடுவதற்கு ஒன்று, விளம்பரத்துக்கு ஒன்று, இசைத்தட்டுக்கு ஒன்று என்று பிரித்துப் பிரித்து எழுதினார்கள்.

இன்னொரு தடை பிரேசில் அரசாங்கம். பெலே அவர்களுக்குத் தேசியச் சொத்து மாதிரி. அதைச் சரிக்கட்ட உதவியவர் யார் தெரியுமா, அப்போதைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹென்றி கிஸ்ஸிஞ்சர். மனிதர் ஜெர்மனியில் பிறந்தவர், சின்ன வயதிலிருந்தே கால்பந்துப் பைத்தியம். 1975 ஜூன் 10-ம் தேதி மன்ஹாட்டனில் 21 கிளப் என்ற உணவகத்தில் பத்திரிகைக்காரர்கள் முண்டியடிக்க பெலே கையெழுத்துப் போட்டார்.

மைதானத்துக்குப் பச்சைப் பெயின்ட் அடித்த கதை உண்மையா?

உண்மைதான். 1975 ஜூன் 15, டவ்னிங் ஸ்டேடியம், எதிரணி டாலஸ் டொர்னாடோ. தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டப்போகிறார்கள், ஆனால் மைதானத்தில் புல்லைவிட மண்தான் அதிகம். என்ன செய்ய, மொட்டையாக இருந்த இடங்களில் பச்சை வண்ணத்தைத் தெளித்துவிட்டார்கள். ஆட்டம் 2-2, பெலே ஒரு கோல் அடித்தார், இன்னொன்றுக்குப் பந்து கொடுத்தார். உடைமாற்றும் அறையில் காலுறையைக் கழற்றிப் பார்த்தால் கால் பூராவும் பச்சை. இந்த ஊரில் ஏதோ பூஞ்சைத் தொற்றிக்கொண்டது, இனி இங்கே ஆட மாட்டேன் என்று மனிதர் பயந்தே போனாராம், அது பெயின்ட் என்று விளக்கிச் சொல்லிச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

அடுத்த சில நாளில் பாஸ்டனில் ஆட்டம். சின்ன மைதானம், கொள்ளாத கூட்டம். பெலே பந்தை வலைக்குள் போட்டதும் ரசிகர்கள் அப்படியே களத்துக்குள் பாய்ந்து அவரை அமுக்கிவிட்டார்கள், கடைசியில் ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போக வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் கால்பந்தை யாரும் பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த அதே ஜூன் மாதத்தில்தான் இதெல்லாம். ஒன்று சொல்ல வேண்டும், அந்த வருடம் பெலே இருந்தும் காஸ்மோஸ் அடுத்த சுற்றுக்குக்கூடத் தகுதி பெறவில்லை.

ஜெர்சி ஏன் அடிக்கடி மாறியது?

ஆரம்பத்தில் பச்சையும் மஞ்சளும், பிரேசில் அணி ஞாபகத்தில்தான் அந்த நிறம், என்றைக்காவது பெலேயைக் கூட்டிவரலாம் என்ற கணக்கு அதில் இருந்தது. அவர் வந்தபின் வெள்ளைக்கு மாறினார்கள், சான்டோஸில் அவர் போட்டது வெள்ளை.

கினாலியா யார்? அவரைப் பற்றி ஏன் ஆளுக்கு ஒரு விதமாகப் பேசுகிறார்கள்?

ஜார்ஜோ கினாலியா. இத்தாலியில் பிறந்து, வேல்ஸில் கார்டிஃபில் வளர்ந்து, ஸ்வான்சீயில் ஆடத் தொடங்கி, ரோமின் லாட்சியோ அணிக்கு 1974-ல் லீக் பட்டம் வாங்கிக்கொடுத்தவர். 1976-ல், இன்னும் நல்ல வயதிலேயே, காஸ்மோஸுக்கு வந்துவிட்டார். அதுவரை ஓய்வு பெறும் வயதில்தான் ஐரோப்பியர்கள் அமெரிக்காவுக்குப் போவார்கள், இவர் 29 வயதில் போனார்.

கோல் அடிக்கும் யந்திரம் என்று தாராளமாகச் சொல்லலாம். லீக் ஆட்டங்களில் 213-ல் 193 கோல். 1980-ல் டல்சா அணியோடு நடந்த ஒரே ஆட்டத்தில் மட்டும் ஏழு கோல். அழகாக ஆடமாட்டார், ஓடிக் களைக்கமாட்டார், பெனால்டி பகுதிக்குள் பந்து வந்தால் விடமாட்டார். நியூயார்க் ரசிகர்களே பல நாள் அவரைக் கூவிக் கேலி செய்திருக்கிறார்கள், அடுத்த நிமிடம் அவர் கோல் போட்டு அவர்கள் வாயை அடைத்திருக்கிறார்.

தலைக்கனத்துக்கும் குறைவில்லை. கோணமே இல்லாத இடத்திலிருந்து ஏன் அடிக்கிறாய் என்று பெலே ஒருமுறை குறைப்பட்டுக்கொண்டபோது, நான் கினாலியா, ஓரிடத்திலிருந்து நான் அடிக்கிறேன் என்றால் அங்கிருந்து கோல் போட முடியும் என்று அர்த்தம், என்கிற தொனியில் பதில் சொன்னாராம். பெலேயிடம்! ஸ்டீவ் ராஸுக்கு அவர் செல்லப்பிள்ளை என்பது எல்லோருக்கும் தெரியும். யார் பயிற்சியாளர், யார் உள்ளே யார் வெளியே என்பதிலெல்லாம் அவர் கை இருந்தது என்று சக வீரர்கள் பிற்பாடு வெளிப்படையாகவே சொன்னார்கள். 1977-ல் சீசன் நடுவில் கார்டன் பிராட்லி விலக்கப்பட்டு எடி ஃபிர்மானி பயிற்சியாளரானார். அந்த ஃபிர்மானி கினாலியாவுக்கு நன்கு ஒத்துப்போனவர். மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

1977-ஐ ஏன் உச்சம் என்கிறார்கள்?

அந்த வருடம் எல்லாம் கூடிவந்தது. ஹட்சன் ஆற்றுக்கு அக்கரையில் நியூஜெர்சியில் புதிதாகக் கட்டிய ஜயன்ட்ஸ் ஸ்டேடியத்துக்குக் குடிபோனார்கள். ஜெர்மனியின் உலகக் கோப்பை கேப்டன் ஃபிரான்ஸ் பெக்கன்பவர் பேயர்ன் மியூனிக்கை விட்டு வந்தார். சீசன் நடுவில் 1970-ல் பிரேசிலுக்குக் கோப்பை தூக்கிய கேப்டன் கார்லோஸ் ஆல்பர்ட்டோவும் வந்து சேர்ந்தார். உலகக் கோப்பையை உயர்த்திய இரண்டு கேப்டன்களும் பெலேயும் ஒரே உடைமாற்றும் அறையில். நடுவே நியூயார்க் பள்ளி மைதானங்களில் வளர்ந்த பையன்கள் சிலரும் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் முகத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

ஜூன் மாதம் டாம்பா பே அணியோடு ஆடியபோது 62,394 பேர். ஆகஸ்ட் 14-ம் தேதி ஃபோர்ட் லாடர்டேல் ஸ்ட்ரைக்கர்ஸ் அணியோடு ஆடியபோது 77,691 பேர், ஆட்டம் 8-3. ஆறு வருடத்துக்கு முன்னால் நாலாயிரம் பேரைச் சேர்க்கத் திணறிய அதே கிளப்.

இறுதி ஆட்டம் ஆகஸ்ட் 28, போர்ட்லேண்டில், சியாட்டில் சவுண்டர்ஸோடு. முதல் கோலைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சியாட்டில் கோல்கீப்பர் டோனி சர்ஸ்கி பந்தைக் கையில் பிடித்தாயிற்று, ஆபத்து போயிற்று என்று நினைத்து அதைத் தரையில் உருட்டிவிட்டு உதைக்க இடம் பார்க்கிறார். முதுகுக்குப் பின்னால் இருந்த ஸ்டீவ் ஹன்ட் என்ற இளம் இங்கிலாந்து வீரரை அவர் கவனிக்கவில்லை. ஹன்ட் ஓடிவந்து பந்தைத் தட்டிப் பறித்து வலைக்குள் தள்ளிவிட்டார். சியாட்டில் சமன் செய்தது, இரண்டாம் பாதியில் கினாலியா தலையால் முட்டி 2-1 ஆக்கினார். பெலேயின் கடைசி அதிகாரபூர்வ ஆட்டம் அதுதான்.

ஸ்டுடியோ 54, சினிமாக்காரர்கள் என்றெல்லாம் சொல்கிறார்களே?

மிகைப்படுத்தல் கொஞ்சம்தான். சொந்தக்காரர் பொழுதுபோக்குக் கம்பெனி ஆச்சே. மிக் ஜாகர், ராபர்ட் ரெட்ஃபோர்ட், முகமது அலி, கிஸ்ஸிஞ்சர் என்று ஆட்டம் பார்க்க வருகிறவர்களின் பெயர்ப்பட்டியலே ஒரு காட்சி. ஆட்டம் முடிந்தால் வீரர்கள் ஸ்டுடியோ 54 மாதிரியான மன்ஹாட்டனின் இரவு விடுதிகளுக்கு. நியூயார்க் அந்த வருடங்களில் திவாலின் விளிம்பில், இருட்டும் குற்றமுமாக இருந்த நகரம். அதனாலேயே இந்த அணியின் பகட்டு இன்னும் கூடுதலாகக் கண்ணில் பட்டது என்று எனக்குத் தோன்றும்.

கல்கத்தாவுக்கு வந்தது இந்த அணிதானா?

இதே அணிதான். பட்டம் வென்ற கையோடு ஜப்பான், சீனா, இந்தியா என்று ஒரு சுற்றுப்பயணம் வந்தார்கள். 1977 செப்டம்பர் 24, ஈடன் கார்டன்ஸ், எதிரே கல்கத்தாவின் மோகன் பகான் கிளப். மழை பெய்து தரை சேறும் சகதியுமாக இருந்தது. இப்படிப்பட்ட தரையில் பெலேயை இறக்கினால் கால் போய்விடும் என்று காஸ்மோஸ் தரப்பில் தயங்கினார்கள், ஆனால் அவரைப் பார்க்கவென்றே திரண்டுவந்த கூட்டத்திடம் பெலே ஆடமாட்டார் என்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும்?

மோகன் பகானின் பயிற்சியாளர் பி.கே.பானர்ஜி. பெலேயை ஒட்டிக்கொண்டே ஆடும் வேலை கௌதம் சர்க்காருக்கு, அவர் அதை ஒழுங்காகச் செய்தார். கார்லோஸ் ஆல்பர்ட்டோ காஸ்மோஸுக்கு முதல் கோலைப் போட்டார். மோகன் பகானுக்கு ஷ்யாம் தாபாவும் முகமது ஹபீபும் ஆளுக்கொன்று அடித்து 2-1 என்று முந்திவிட்டார்கள்! கடைசியில் ஒரு பெனால்டி, கினாலியா அடித்து 2-2 ஆக்கினார். அந்தப் பெனால்டி சரியா தவறா என்று வங்காளத்தில் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது. கோல்கீப்பர் ஷிபாஜி பானர்ஜி அன்றைக்குப் பெலேயின் காலடியில் பாய்ந்து பந்தைப் பறித்ததைச் சொல்லாத கல்கத்தாக்காரர் கிடையாது.

சமன்தானே என்று நினைக்கலாம். ஆனால் அந்த உற்சாகத்தில்தான் மோகன் பகான் அதே சீசனில் ஐ.எஃப்.ஏ. கேடயம், டூரண்ட், ரோவர்ஸ் என்ற மூன்று இந்தியக் கோப்பைகளையும் வென்றது. காஸ்மோஸ் வரலாற்றில் அது ஒரு சின்ன நட்பு ஆட்டம், இந்தியக் கால்பந்து வரலாற்றில் அது ஒரு தேதி.

விடைபெறும் ஆட்டத்தில் பெலே இரண்டு அணிக்கும் ஆடினாரா?

ஆமாம். கல்கத்தாவிலிருந்து திரும்பி ஒரே வாரத்தில், அக்டோபர் 1, ஜயன்ட்ஸ் ஸ்டேடியம், காஸ்மோஸ் எதிர் சான்டோஸ். முதல் பாதி காஸ்மோஸுக்கு, இரண்டாம் பாதி சான்டோஸுக்கு. முதல் பாதியில் தூரத்திலிருந்து ஒரு ஃப்ரீ கிக்கை வலைக்குள் செலுத்தினார், அதுதான் கடைசிக் கோல். இடைவேளையில் பத்தாம் எண் காஸ்மோஸ் ஜெர்சியைக் கழற்றித் தன் அப்பாவிடம் கொடுத்தார். ஆட்டம் முடிந்ததும் சான்டோஸ் ஜெர்சியைத் தன்னைச் சிறுவயதில் கண்டெடுத்த பயிற்சியாளர் வால்டெமார் டி பிரிட்டோவிடம் கொடுத்தார். நல்ல மழை. ஆட்டம் தொடங்கும் முன்னர் கூட்டத்தை ‘லவ்’ என்று மூன்று முறை சொல்லவைத்தவர், கடைசியில் மழையில் நனைந்துகொண்டே அழுதார்.

ஆட்டத்தை காஸ்மோஸ் 2-1 என்று வென்றது.

பெலே போனதும் கிளப் படுத்துவிட்டது என்பது உண்மைதானே?

இல்லை. இந்தத் தவறான நம்பிக்கையை உடைக்கவே பாதி நேரம் போகிறது. பெலே இருந்த 1977-ல் சராசரிக் கூட்டம் சுமார் 34,000. அவர் போன அடுத்த வருடம், 1978-ல், சுமார் 47,800. ஆம், ஏறியது. அந்த வருடம் லீக்கில் ஆடிய 30 ஆட்டத்தில் 24 வெற்றி, கினாலியா மட்டும் 34 கோல், இறுதி ஆட்டம் சொந்த மைதானத்தில் 74,901 பேர் முன்னிலையில் டாம்பா பே அணியை 3-1 என்று வென்றார்கள். 1979-லும் சராசரி 46,000-க்கு மேல், 1980-ல் 42,000-க்கு மேல்.

ஆட்டமும் தரம் குறையவில்லை. யுகோஸ்லாவியாவிலிருந்து விளாடிஸ்லாவ் போகிச்செவிச் வந்தார், அவர் பந்து கொடுக்கும் அழகுக்காகவே டிக்கெட் எடுத்தவர்கள் உண்டு. நெதர்லாந்தின் நீஸ்கென்ஸ், ஈரானின் எஸ்கந்தாரியன், பராகுவேயின் ரொமெரிட்டோ, கபானியாஸ் என்று ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 1980-ல் ஃபோர்ட் லாடர்டேலை 3-0 என்று வென்று மறுபடி பட்டம். 1981 இறுதி ஆட்டத்தில் சிகாகோ ஸ்டிங்கிடம் கோல் எதுவும் இல்லாமல் ஷூட்அவுட்டில் (சமனை உடைக்க வைக்கும் போட்டி, கீழே விளக்குகிறேன்) தோற்றார்கள். 1982-ல் சியாட்டிலை 1-0 என்று வென்று கடைசிப் பட்டம்.

மொத்தம் எத்தனை பட்டம்?

ஐந்து. 1972, 1977, 1978, 1980, 1982.

அந்த லீக்கில் விதிகளே வேறு என்கிறார்களே?

சில விஷயங்களில். ஆஃப்சைடு, அதாவது பந்து வருமுன்னே எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டிப் போய் நிற்பது தவறு என்ற விதி, தொடங்கும் கோடு நடுக்கோட்டில் இல்லாமல் கோலிலிருந்து 35 கெஜத்தில் இருந்தது. வெற்றிக்கு ஆறு புள்ளி, அடிக்கும் கோலுக்கு மூன்று வரை கூடுதல் புள்ளி. சமனில் முடிய விடமாட்டார்கள். 35 கெஜத்திலிருந்து வீரர் பந்தோடு ஓடி வர வேண்டும், கோல்கீப்பர் எதிரே வரலாம், ஐந்து நொடிக்குள் அடித்தாக வேண்டும், இதுதான் அவர்களுடைய ஷூட்அவுட். தூய்மைவாதிகளுக்கு இது ஆகவே ஆகாது. எனக்கென்னவோ இன்றைய பெனால்டி ஷூட்அவுட்டைவிட அதில் திறமைக்கு இடம் அதிகம் என்றுதான் படுகிறது.

அப்படியானால் ஏன்தான் மூடினார்கள்?

இதற்கு ஒரே வரியில் பதில் வேண்டுமென்றால்: காஸ்மோஸ் சொந்தக் காலில் நிற்கவே இல்லை, வார்னரின் தோளில் உட்கார்ந்திருந்தது, தோள் சரிந்ததும் விழுந்தது.

கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். அத்தனை கூட்டம் வந்தும் செலவு வரவைவிட மேலே போய்க்கொண்டிருந்தது. வார்னர் போன்ற பெரிய கம்பெனிக்கு அது விளம்பரச் செலவு மாதிரி, உறுத்தவில்லை. ஆனால் மற்ற ஊர் அணிகளுக்கு? காஸ்மோஸ் ஒரு பெக்கன்பவரை வாங்கினால் அவர்களும் யாராவது பெயர்பெற்றவரை வாங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் சொந்த ஊரிலேயே மரியாதை இல்லை. காஸ்மோஸ் வரும் நாளில் மட்டும் மைதானம் நிரம்பும், மற்ற நாளில் காலி இருக்கைகள். இந்த நிலையில் லீக் என்ன செய்தது, 1978-ல் ஒரே மூச்சில் 24 அணிகளாகப் பெருக்கிக்கொண்டது. புதிதாக வந்த முதலாளிகளில் பலர் இரண்டு மூன்று வருட நஷ்டத்தைக்கூடத் தாங்க முடியாதவர்கள். ஏ.பி.சி. தொலைக்காட்சியோடு போட்ட ஒப்பந்தமும் எதிர்பார்த்த அளவு ஆட்களை இழுக்காமல் முடிந்துபோனது. 1982-ல் 14 அணிகள், 1983-ல் 12, 1984-ல் ஒன்பது. இடையில் ஒரு கடைசி நம்பிக்கை இருந்தது: 1986 உலகக் கோப்பையை நடத்த முடியாது என்று கொலம்பியா விலகியபோது அமெரிக்கா கேட்டுப் பார்த்தது, ஃபிஃபா 1983 மே மாதம் அதை மெக்சிகோவுக்குக் கொடுத்துவிட்டது.

சரி, வார்னருக்கு என்ன ஆனது? அடாரி. வீடியோ கேம் கம்பெனி, வார்னருக்குச் சொந்தம், சில வருடம் தங்கச் சுரங்கமாக இருந்தது. 1983-ல் அந்தச் சந்தை ஒரேயடியாகக் கவிழ்ந்து அடாரி மட்டும் 50 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் காட்டியது. விற்காத கேம்களை லாரியில் ஏற்றி நியூமெக்சிகோ பாலைவனத்தில் கொட்டிப் புதைத்தார்கள், கட்டுக்கதை என்று பலர் சொல்லிக்கொண்டிருந்ததை 2014-ல் தோண்டியே எடுத்துக் காட்டிவிட்டார்கள். இதே சமயத்தில் பத்திரிகை அதிபர் ரூபர்ட் மர்டாக் வார்னரின் பங்குகளை வாங்கிக் குவிக்கத் தொடங்கினார். கம்பெனியே கைவிட்டுப் போகும் என்ற நிலையில் கால்பந்து அணியை யார் கவனிப்பார்கள்? 1984-ல் கிளப்பைக் கினாலியாவின் கையில் கொடுத்துவிட்டு வார்னர் நழுவிக்கொண்டது. அந்த வருடச் சராசரிக் கூட்டம் 12,800 சொச்சம்.

அதனால்தான், பெலே போனதால் போச்சு என்று யாராவது சொன்னால் நான் விடுவதில்லை. அவர் போன பிறகு ஏழு சீசன் ஆடியிருக்கிறார்கள், மூன்று பட்டம் எடுத்திருக்கிறார்கள்.

கினாலியாவால் காப்பாற்ற முடியவில்லையா?

முடியவில்லை. அவர் ஏற்கெனவே ரோமில் லாட்சியோ கிளப்பையும் தன் கையில் வைத்திருந்தார், அங்கேயும் பணச் சிக்கல். 1984-85 குளிர்காலத்தில் உள்ளரங்கக் கால்பந்து லீக்கில் அணியை இறக்கினார்கள், கூட்டம் வரவில்லை, பாதியிலேயே விலகினார்கள். 1985 மார்ச்சில் லீக்குக்குக் கட்ட வேண்டிய உத்தரவாதத் தொகையைக் கட்டாததால் லீக்கிலிருந்து நீக்கினார்கள். அதே மாதக் கடைசியில் லீக்கே நின்றுபோனது, அப்போது ஆடத் தயாராக மிஞ்சியிருந்தது இரண்டே அணிகள்.

வெளிநாட்டு அணிகளை அழைத்து நட்பு ஆட்டமாவது ஆடலாம் என்று கோடையில் முயன்றார்கள். 1985 ஜூன் 16, ஜயன்ட்ஸ் ஸ்டேடியம், லாட்சியோவோடு ஆட்டம், அதாவது கினாலியாவின் இரண்டு கிளப்புகளும் மோதிக்கொண்டன. வந்தது ஒன்பதாயிரம் பேருக்கும் குறைவு. ஆட்டத்தில் கைகலப்பு வேறு. மீதி ஆட்டங்களை ரத்து செய்துவிட்டார்கள், அவ்வளவுதான், கதை முடிந்தது.

பிறகு வந்த காஸ்மோஸ் அதே அணியா?

பெயர் அதே, சின்னம் அதே, கிளப் வேறு. கினாலியாவின் கூட்டாளி பெப்பே பின்டன் பெயர் உரிமையைப் பிடித்துவைத்துக்கொண்டு பல வருடம் சிறுவர்களுக்கான பயிற்சி முகாம்கள் மட்டும் நடத்திவந்தார். 1996-ல் மேஜர் லீக் சாக்கர் என்ற இன்றைய அமெரிக்க லீக் தொடங்கியபோது அந்தப் பெயரைக் கேட்டார்கள், அவர் கொடுக்கவில்லை. 2009-ல்தான் விற்றார். 2010-ல் பெலேயைக் கௌரவத் தலைவர் என்று அறிவித்து மறுபிறப்பு என்றார்கள். புதிய அணி 2013-லிருந்து இரண்டாம் நிலை லீக்கில் ஆடி 2013, 2015, 2016-ல் பட்டமும் வென்றது, ஸ்பெயினின் ராவுல் 2015-ல் இங்கேதான் ஆடி ஓய்வு பெற்றார். அந்த லீக்கும் படுத்தது, அணியும் நின்றது. 2025-ல் மறுபடி ஒருமுறை, நியூஜெர்சியின் பேட்டர்சன் நகரில் மூன்றாம் நிலை லீக்கில் 2026 முதல் ஆடப்போவதாக அறிவிப்பு வந்தது. நான் பழைய பட்டங்களையும் புதிய பட்டங்களையும் சேர்த்து எண்ணுவதில்லை, எண்ணுபவர்களோடு சண்டைக்கும் போவதில்லை.

மேஜர் லீக் சாக்கர் இதிலிருந்து எதையாவது கற்றுக்கொண்டதா?

நிறைய. ஒரு அணி மட்டும் பணத்தைக் கொட்டி மற்றவர்களை இழுத்துக்கொண்டு விழக்கூடாது என்பதற்காகவே வீரர்களின் ஒப்பந்தங்களை லீக்கே வைத்துக்கொண்டது, சம்பளத்துக்கு உச்சவரம்பு போட்டது. பத்து வருடத்துக்கு மேல் அடக்கி வாசித்துவிட்டு 2007-ல் டேவிட் பெக்காமுக்காக அந்த வரம்பில் ஒரு ஓட்டை போட்டார்கள். மெஸ்ஸி அமெரிக்கா போனதும் அந்த ஓட்டை வழியாகத்தான்.

ஜயன்ட்ஸ் ஸ்டேடியம் இப்போது இருக்கிறதா? போனால் பார்க்கலாமா?

இல்லை. 2010-ல் இடித்துவிட்டார்கள். பக்கத்திலேயே கட்டிய மெட்லைஃப் ஸ்டேடியத்துக்குத்தான் 2026 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை ஒதுக்கினார்கள். 77,691 பேர் உட்கார்ந்திருந்த பழைய இடம் அதற்கான கார் நிறுத்துமிடம்.